கட்டிங் மாஸ்டரின் டிரம்பெட்டும் என் சைடு டிரம்மும்

1. கரண்ட் போன கல்யாணம்

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். பகல் பன்னிரண்டு மணி. மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள், வாழ்த்த வந்தவர்கள் வாசல் வரை வரிசையில் நிற்கிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் நாங்கள் பத்துப் பேர் வாசித்துக்கொண்டிருந்தோம். மின்வெட்டு ஊரையே ஆட்டிவைத்த காலம் அது. பொசுக்கென்று கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. அதே நொடியில் எங்கள் பேண்டும் நின்றது.

எங்கள் செட்டில் மைக் கிடையாது, கீபோர்டு கிடையாது. டிரம்பெட், கிளாரினெட், டிராம்போன், டிரம். எல்லாமே வாயாலும் கையாலும் ஓடுகிறவை. கரண்டுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பத்துப் பேரும் பனியன் கம்பெனிக்காரர்கள். கரண்ட் போனால் வேலை நிற்க வேண்டும் என்று உடம்பில் ஊறிப்போயிருந்தது. ஓவர்லாக் தையல் மிஷினில் டைலரான நான் குச்சியை மடியில் வைத்துவிட்டு, பெடலிலிருந்து எடுப்பதுபோல வலது காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அயர்னிங் செக்‌ஷன் பெஞ்சமின் தன் டிராம்போனை, அயர்ன் பாக்ஸை நிமிர்த்துவதுபோல நிமிர்த்தி ஓரமாக வைத்துவிட்டார். பீகாரிலிருந்து வந்து பேக்கிங்கில் இருந்த சுனில், கிளாரினெட்டைக் கீழே வைத்து டீ குடிக்கவே கிளம்பிவிட்டார்.

நிறுத்தாதவர் ஒரே ஆள். எங்கள் பேண்டு மாஸ்டர் ஞானராஜ். மண்டபத்து அரையிருட்டில் அவர் டிரம்பெட் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சுற்று முடித்துவிட்டு வாத்தியத்தை இறக்கினார்.

“ஏலே, ஊதுறதுக்கு எதுக்குலே கரண்ட்டு? ஈபிக்காரனா வந்து ஒங்க நெஞ்சுக்குள்ள காத்தடிக்கான்?”

மண்டபமே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலில் குச்சியை எடுத்தது நான்தான். ஜெனரேட்டரைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் வாசித்தோம். வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். கரண்ட் வந்தபோது, “இப்ப யாரு லைட்டப் போடச் சொன்னா?” என்று ஒரு பெரியவர் கத்தினார்.

ஞானராஜ் மாஸ்டர் இப்போது இல்லை. அவருக்கு நினைவு மலர் போடுகிறோம், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுச் சிலர் வந்தார்கள். “எளிமையானவரு, பணிவானவரு, யாரையும் கடிஞ்சு ஒரு வார்த்தை பேசாதவருன்னு எழுதிப் போடுங்க்கா” என்று வாசகமும் அவர்களே சொன்னார்கள். நான் அப்படி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பணிவானவர் இல்லை. கோபக்காரர். தன் வாசிப்பைப் பற்றி அவருக்கு நல்ல கர்வம் இருந்தது, இருக்க வேண்டிய கர்வம்தான். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது பணிவுக்காக இல்லை. எனவே மலருக்கு வேண்டாம், தனியாகவே எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் இப்போது வேலை செய்கிற பெண்கள் படித்தால் போதும்.

2. பெடல் சத்தம்

என் பெயர் மரகதம். அவிநாசிக்குப் பக்கத்துக் கிராமம். என் வீட்டுக்காரர் ஒரு விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகுதான் திருப்பூருக்கு வந்து ஓவர்லாக்கில் உட்கார்ந்தேன். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊரில்தான் குறை. என் அக்கா மகள் பெரிய மனுஷியான சீருக்குப் போனபோது, “நீ சமையக்கட்டுல ஒத்தாசையா இரு கண்ணு” என்று அன்பாகச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். சபையில் என் தலை தெரியக் கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்தில் அவ்வளவு இனிமையாகப் பேசுவார்கள். பாத்திரத்தோடு பாத்திரமாக நின்றுவிட்டு வந்தேன். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

ஞானராஜ் எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தெற்கே தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரர். ஒரு நாள், வெட்டி அனுப்பிய ஒரு துணிப் பண்டலில் சோல்டர் அளவு தப்பி வந்ததைப் பார்க்க, நாங்கள் தைக்கிற லைனுக்கு வந்தார். வந்தவர் துணியைப் பார்க்காமல் என் மிஷினுக்குப் பின்னாலேயே நின்றார். ஏதோ தப்பு பண்ணிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“என்னங்க மாஸ்டர்?”

“ஒண்ணுமில்ல தாயி. ஒன் பெடல் சத்தத்தக் கேட்டுட்டு நிக்கேன். முப்பது மிஷின் ஓடுது, ஒங்காலு மட்டும் தாளம் தப்பாமப் போவுது. டிரம் அடிக்கியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கோபம் வந்தது.

“மாஸ்டர், நான் ஊட்டுக்காரரு இல்லாதவங்க. கல்யாணத்துல எல்லாம் முன்னால வந்து நிக்கக் கூடாதுங்க.”

“டிரம்மு அதையெல்லாம் கேக்காது தாயி. அடிச்சாச் சத்தம் வரும். அவ்வளவுதான்.”

மூன்று வாரம் முடியாது என்று சொன்னேன். நான்காவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கட்டிங் செக்‌ஷனில் காலி அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு குச்சியைக் கையில் கொடுத்தார். என் கை என்னைக் கேட்காமலே வாங்கிக்கொண்டது.

அவருடைய அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவராம். அங்கே காலனியில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக்காரரிடம் சின்ன வயதில் மாஸ்டர் டிரம்பெட் கற்றுக்கொண்டிருக்கிறார். சர்ச்சில் ஊதுவது வேறு, அந்த ஆள் சொல்லிக்கொடுத்தது வேறு. அதற்குப் பெயர் ஜாஸ் என்று எங்களுக்குச் சொன்னார். எங்களுக்கு அது சாப்பிடுகிற பண்டமா, உடுத்துகிற துணியா என்றே தெரியாது. பேண்டு செட்டு என்றால் ஊரறிந்த சினிமாப் பாட்டை அச்சு மாறாமல் ஊத வேண்டும், அவ்வளவுதான் எங்கள் அறிவு. அவர் அதை வைத்தே எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

“நம்ம லைன்ல என்ன நடக்கு? ஒருத்தி சோல்டர் அடிக்கா, அடுத்தவ கழுத்து, அதுக்கடுத்தவன் சைடு. பண்டலு கைமாறிட்டே போவுது. ஜாஸும் அப்படித்தாம்லே. பாட்டுதான் பண்டலு. ஒங்கைக்கு வந்தா ஒன் வேலயக் காட்டு. காட்டிட்டு அடுத்தவன்ட்ட தள்ளு. மடியில வச்சிக்கிட்டு ஒக்காராத.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. பெஞ்சமின் ஒரு சுற்று, சுனில் ஒரு சுற்று, பிறகு மாஸ்டர், பிறகு நான். ஒரே பாட்டு ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு மாதிரி வரும். “போன தடவை வாசிச்ச மாதிரியே வாசிங்க” என்று யாராவது கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “ஒரே பேட்டர்னுல வெட்டுறதுக்கு மெசின் வந்துட்டுல்லா, அதுட்ட போய்க் கேளுங்க” என்பார். திட்டு வாங்கியவர்களே அடுத்த விசேஷத்துக்கும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

யூனிஃபார்மும் அவரே வெட்டியதுதான். மெரூன் நிறத்தில் காலர் வைத்த டி-சர்ட். சுடிதார் பேண்ட்டுக்கு மேலே போட்டுக்கொள்வதற்காக என்னுடையதை மட்டும் நாலு இஞ்ச் நீளம் கூட்டி வெட்டியிருந்தார். நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

3. கழுத்தைப் பார்த்தவர்கள்

வெள்ளகோவில் பக்கம் ஒரு கல்யாணம். சாயங்காலம் நாலரை மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயில் வாசலில் டிரம்மை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். பொண்ணோட அத்தை ஒருவர் வந்து என் முகத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு மாஸ்டரிடம் போனார்.

“ஏனுங்க மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. நல்ல காரியமுங்க பாருங்க, அந்தம்மா மட்டும் வண்டிகிட்டயே இருக்கட்டுமுங்க. சாப்பாடெல்லாம் நல்லாக் கவனிச்சுக்கறமுங்க.”

மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

“எதுக்கு?”

“அவிங்க வந்துங்க…”

“அவிய வந்து என்ன? டிரம்மு அடிக்கதுக்கு வந்துருக்காவ. அவிய வண்டிக்கிட்ட நின்னா டிரம்மும் வண்டிக்கிட்டத்தான் நிக்கும். டிரம் இல்லாம நா ஊத மாட்டேன். ஒங்க மாப்பிள்ளய ரேடியோவ போட்டுக் கூட்டிட்டுப் போங்க!”

கோயில் வாசலில் நூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். “நான் பின்னாலேயே நின்னுக்கறனுங்க மாஸ்டர்” என்றேன். “ஒன்ன யாரு கேட்டா?” என்று என் மேலும் பாய்ந்தார். வாத்தியங்களை வேனில் ஏற்றச் சொன்னார். ஒரு சுரம்கூட ஊதாமல் கிளம்பினோம்.

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் மாஸ்டரைப் புகழ்வார்கள். நான் புகழவில்லை. காங்கயத்தில் டீக்கடையில் வேன் நின்றபோது எனக்கு அடக்க முடியவில்லை.

“எனக்காகச் சண்டை போடுங்கன்னு நான் உங்களக் கேட்டனுங்களா மாஸ்டர்? அந்தம்மா உங்க காதோட சொன்னாங்க. நீங்க ஊருக்கே கேக்கறாப்பல கத்துனீங்க. நூறு பேரு முன்னால என்னையத் தாலியறுத்தவளா நிக்க வெச்சது அவிங்க இல்லீங்க, நீங்கதான். போறதா நிக்கறதான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

பெஞ்சமின் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். இனி இந்த மனிதர் என்னைச் சேர்க்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். நினைத்தபோது அழுகை வந்தது. அந்த டிரம்மை விட்டால் எனக்கென்று ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் மிஷினுக்கு வந்தார். எல்லா மிஷினும் ஓடுகிற சத்தத்தில் கொஞ்சம் குனிந்து பேசினார்.

“நா கேட்டிருக்கணும். தப்புதான். இனிமே எவனாவது ஒன்னப் பத்தி எங்கிட்டச் சொன்னா, ஒங்கிட்ட அனுப்பி வைக்கேன். நீ பேசு. நீ என்ன சொல்லுதியோ அதுதான் செட்டோட பதில். நா பின்னால நிக்கேன்.”

கட்டிங் மாஸ்டர்கள் டைலர்களிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. துணி தப்பாக வந்தால்கூட எங்கள் தையல் மேல்தான் பழியைப் போடுவார்கள். எனவே அவர் சொன்னதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு நானே பேசினேன். பல்லடத்தில் ஒரு வீட்டில் கேட்டார்கள். “டிரம் நான்தானுங்க, முன்னாலதான் வருவனுங்க. வேணுமுன்னா வாசிக்கறோம், வேண்டாமுன்னா இப்பவே சொல்லிப் போடுங்க, வண்டியத் திருப்பிக்கறோம்” என்றேன். வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் வேண்டாம் என்றார்கள், திருப்பிக்கொண்டு வந்தோம். எல்லா இடத்திலும் ஜெயித்தேன் என்று கதை விட மாட்டேன். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து எங்களுக்கு மறுபடி ஒரு அழைப்பும் வரவில்லை. அதைப் பற்றி மாஸ்டர் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. ஒவ்வொரு தடவை நான் பேசும்போதும் எனக்குப் பின்னால் நின்று டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

4. சாமளாபுரத்துப் பெண் அழைப்பு

கட்டிங் டேபிளில் துணியை அடுக்கிக்கொண்டிருந்த மாஸ்டர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது. அடக்கத்தன்று சரக்கை ஏற்றி அனுப்ப வேண்டிய ஷிப்மென்ட் இருந்தது. எங்கள் முதலாளி லைனை நிறுத்தினார். அந்தத் தெருவில் இருந்த மற்ற கம்பெனிகளும் நிறுத்தின. பனியன் தொழில் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று புரியும்.

மூன்று வாரம் கழித்து சாமளாபுரத்தில் ஒரு பெண் அழைப்பு. மாஸ்டர் உயிரோடு இருந்தபோது ஒப்புக்கொண்டது. பொண்ணுக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் முன்னின்று எல்லாம் செய்தார். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். அவர் எங்கள் பிராக்டிஸ் ரூமுக்கே வந்தார். மாஸ்டருக்காக வருத்தப்பட்டார். காபி குடித்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் பெஞ்சமினைப் பார்த்துப் பேசினார்.

“மாஸ்டரும் தவறிப்போயிட்டாருங்க. அதுவே எங்கூட்டுப் பொம்பளைகளுக்கு மனசு ஒப்பலீங்க. இதுல இந்தம்மா வேறங்களா? அவிங்க இல்லாம வந்து வாசிச்சுட்டுப் போயிருங்க. ஒரு நாளைக்குத்தானுங்களே.”

பெஞ்சமின் என்னைப் பார்த்தார். “அக்கா, மாஸ்டர் ஒத்துக்கிட்ட காரியம். ஒரு நாளு மட்டும்…” என்று இழுத்தார். மற்ற எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாசித்தவர்கள். எனக்குப் பின்னால் டிரம்பெட் துடைக்க யாரும் இல்லை. மாஸ்டர் போனதைவிட அந்த நிமிஷம்தான் எனக்கு வலித்தது.

“இந்த செட்டப் பத்திப் பேசறதுன்னா எங்கிட்டப் பேசுங்க” என்றேன். “மாஸ்டருக்கு அப்புறம் நான்தான் செட்ட நடத்தறனுங்க.”

அப்படி யாரும் முடிவு செய்திருக்கவில்லை. அந்த நொடியில் நான் செய்த முடிவு. பெரியப்பா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

“ஏனம்மா, மாஸ்டர் இருந்திருந்தா இப்பிடிப் பேசியிருப்பாருங்களா?”

“அவரு இருந்திருந்தா இதைவிட மோசமாப் பேசியிருப்பாருங்க. நான் மரியாதையாத்தானுங்க பேசிட்டு இருக்கறேன்.”

பெரியப்பா வெளியே போய்ப் போனில் ரொம்ப நேரம் பேசினார். பொண்ணு ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராம். மாஸ்டர் செட்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றாளாம். அவர் திரும்பி வந்து, “சரி, வாங்க. ஆனா நடுவால நின்னுக்கங்க” என்றார். “டிரம் முன்னாலதானுங்க போகும்” என்றேன். கிளம்பிப் போய்விட்டார். வர வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் போனோம்.

பகல் மூன்று மணி. நல்ல வெயில். பொண்ணைக் காரில் உட்கார வைத்து, வீட்டிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும். தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டு வாசலில் நின்றபடியே ஆரம்பித்தோம். பெஞ்சமின் ஒரு சுற்று வாசித்தார், சுனில் ஒரு சுற்று வாசித்தார். அடுத்தது மாஸ்டர் ஊதுகிற இடம். அங்கே யார் என்ன செய்வது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை, பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்த இடம் வந்ததும் நான் அடித்தேன். பாட்டு இல்லை, டிரம் மட்டும். அவர் எப்படி ஊதுவாரோ, எங்கே ஏறி எங்கே நிற்பாரோ, அதே மாதிரி குச்சியால் போய்ப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன், கை இரண்டும் வேலையாக இருந்தன.

நடக்கத் தொடங்கியபோதுதான் பொண்ணு வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். கம்பிக்குப் பின்னால் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வெளிர் நிறப் புடவை, பூ இல்லை, பொட்டு இல்லை. தெருவில் நின்ற ஒரு பெண்ணிடம் கண்ணைக் காட்டி யாரென்று கேட்டேன்.

“பொண்ணோட அம்மாங்க. வெளிய வர மாட்டாங்க. பெரியம்மாதான் எல்லாம் பாக்கறாங்க.”

பெற்ற மகள் கார் ஏறிப் போவதை, பெற்றவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள். அவருக்கும் யாரோ அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

நான் நடப்பதை நிறுத்தினேன். அடிப்பதை நிறுத்தவில்லை. முன்னால் போகிற டிரம் நின்றால் பேண்டு நிற்கும், பேண்டு நின்றால் கார் நிற்கும். பெரியப்பா வேகமாக வந்தார். “ஏனம்மா, நல்ல நேரம் போகுதுங்கம்மா, நடங்க!” என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன்.

“ஏனுங்க்கா, உங்க புள்ளையோட நடந்து வாரீங்களா? வாரதுன்னா நிக்கறோம். வேண்டாமுன்னாச் சொல்லிப் போடுங்க, நாங்க போறோம்.”

என்னிடம் மாஸ்டர் கேட்காமல் போன கேள்வி அது. ஜன்னலில் இருந்து முகம் மறைந்தது. சரி, உள்ளே போய்விட்டார், எழுதிய எழுத்து அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு வாசல் கதவு திறந்தது. செருப்புகூடப் போடாமல் வந்து என் பக்கத்தில் நின்றார். காரின் கண்ணாடி இறங்கியது. பொண்ணு, “அம்மா” என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். மாலையோடு அழுதாள்.

பெஞ்சமின் என்னைக் கேட்காமலே அடுத்த சுற்றை எடுத்தார். அன்றைக்கு மாதிரி அந்த மனிதர் வாசித்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

இதைப் படிக்கிற பெண்களுக்கு, இருபது வருடம் லைனில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் நிற்க வேண்டிய இடம் இது என்று யாராவது காட்டினால், அங்கே எனக்கு என்ன வேலை என்று கேளுங்கள். வேலை இல்லாத இடத்தில் நிற்காதீர்கள். உங்களுக்காக வேறு ஒருவர் கேட்கட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். நீங்களும் அடுத்தவளுக்காகப் பேசுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த அம்மா மண்டபம் வரைக்கும் என்னோடுதான் நடந்தார். பெரியப்பா இரண்டு முறை பக்கத்தில் வந்து வாயசைத்தார். அந்த அம்மாவை வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு பலமாக அடித்துக்கொண்டிருந்தேன்.